கடற்கரையில் அள்ளிய மட்டியை வீட்டில் சமைத்துச் சாப்பிடலாமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். விடுமுறைக்குக் குடும்பத்தோடு சென்னையை அடுத்த கோவளம் போயிருக்கிறீர்கள். அலை ஏறி இறங்கும் ஈர மணலைப் பிள்ளைகள் கிளறியபோது உயிருள்ள சின்ன மட்டிகள் கிடைத்தன. பக்கத்தில் முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் சிலர் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து பெரிய மட்டி எடுப்பதையும் பார்த்தீர்கள். அரை வாளி சேர்த்தும், சந்தேகத்தில் அப்படியே கொட்டிவிட்டு வந்துவிட்டீர்கள். அடுத்த மாதம் மறுபடி போகிறீர்கள். "சந்தையில் வாங்குவது எப்போது எடுத்ததோ தெரியாது, இது கண்ணெதிரே உயிரோடு இருக்கிறது. அப்படியானால் இதுதானே பாதுகாப்பு?" என்பது உங்கள் கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மட்டி புதிதா என்பது ஒன்று. அதைச் சாப்பிட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாதா என்பது இன்னொன்று. மீன் வாங்கும்போது நமக்கு இந்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, விரலால் அமுக்கினால் சதை எழும்பி வருகிறதா என்று பார்க்கிறோம். சரியாக இருந்தால் நம்பி வாங்குகிறோம். மட்டிக்கு இந்தக் கணக்கு பாதிதான் உதவும். துள்ளத் துடிக்க உயிரோடு இருக்கும் மட்டி ஒரு குடும்பத்தையே மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறது. அதனால் "புதிதுதானே" என்பதை மட்டும் வைத்து நான் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் மட்டியே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். நான் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவன். வெள்ளாற்றுக் கழிமுகத்தில் பல வருடம் மட்டிகளை எண்ணியும் அளந்தும் இருக்கிறேன், அதைவிட அதிகமாகச் சாப்பிட்டும் இருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மட்டி எப்படிச் சாப்பிடுகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். முதல் வருடம் ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவு இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் வெள்ளாற்றுத் தண்ணீரை ஊற்றி வைத்தார்கள். நுண்பாசி கலந்து இரண்டும் ஒரே மாதிரி பச்சையாகக் கலங்கியிருந்தன. ஒன்றில் மட்டும் ஏழெட்டு மட்டிகளைப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் ஓடு நூலிழை அகலம் திறந்து, இரண்டு குட்டிக் குழாய்கள் வெளியே எட்டிப் பார்த்தன. ஒன்று தண்ணீரை உறிஞ்சும், மற்றது வடிகட்டியதை வெளியே விடும். டீ குடித்துவிட்டு, ஒரு வகுப்பையும் முடித்துவிட்டு வந்து பார்த்தால், மட்டி இருந்த குடுவைக்குப் பின்னால் வைத்த நோட்டுப் புத்தகத்தின் எழுத்தைப் படிக்க முடிந்தது. மற்றது அப்படியே கலங்கலாக நின்றது. தண்ணீரில் இருந்த பச்சை எங்கே போனது? மட்டிக்குள் போனது. நாள் முழுவதும் அது இதைத்தான் செய்கிறது. தண்ணீரில் பாசி இருந்தால் பாசி, சாக்கடைக் கிருமி இருந்தால் கிருமி, ஈயம் இருந்தால் ஈயம். ஒரு மட்டியைத் தின்பது, அது கிடந்த தண்ணீரைச் சுண்டக் காய்ச்சிக் குடிப்பது மாதிரி.

அப்படிச் சேர்வதில் கிருமிகளிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவற்றுக்கு மட்டும்தான் அடுப்பில் பதில் இருக்கிறது. காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலையில் ஒரு வகையான ஹெப்படைட்டிஸ் ஏ, வாந்தி பேதி தரும் நோரோவைரஸ் எல்லாம் கழிவுநீர் வழியாக மட்டிக்குள் வருகின்றன. இவை தவிர விப்ரியோ என்ற பாக்டீரியா வகை வெதுவெதுப்பான கடல் நீரிலேயே இயல்பாக வாழ்கிறது; அதற்குச் சாக்கடைகூடத் தேவையில்லை. 1988இல் சீனாவின் ஷாங்காய் நகரத்தில் ஏறக்குறைய 3 லட்சம் பேருக்கு ஹெப்படைட்டிஸ் ஏ வந்தது. அங்கே இரத்த மட்டியை வெந்நீரில் சற்றே முக்கி, உள்ளே அரைப்பச்சையாக இருக்கும்போதே சாப்பிடுவது வழக்கம். மட்டி நாறவில்லை, கெட்டுப்போகவும் இல்லை. எடுத்த இடத்தின் தண்ணீரில் கழிவு கலந்திருந்தது, அவ்வளவுதான். நல்ல வேளையாக நம் வீடுகளில் யாரும் மட்டியைப் பச்சையாகத் தின்பதில்லை. சதையின் நடுப்பகுதி 90 டிகிரி செல்சியஸில் ஒன்றரை நிமிடம் இருந்தால் இந்த வைரஸ் செயலிழந்துவிடும். நன்றாக வேகவைக்கும் நம் பழக்கம் இந்த விஷயத்தில் நம்மைக் காப்பாற்றுகிறது.

பாசி விஷம் அப்படி இல்லை. இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். கடலில் உள்ள சில நுண்பாசிகள் சாக்ஸிடாக்ஸின் என்ற நரம்பு விஷத்தை உண்டாக்குகின்றன. மட்டி அந்தப் பாசியைத் தின்னும், விஷத்தைச் சதையில் சேர்த்துவைக்கும், தனக்கு எந்தக் குறையும் காட்டாது. ஓடு வழவழப்பாக இருக்கும், தட்டினால் டப்பென்று மூடிக்கொள்ளும், வாசனை நன்றாக இருக்கும், குழம்பும் ருசியாகவே இருக்கும். வேகவைத்தால் இந்த விஷம் போகாது. பொரித்தாலும் போகாது. ஐஸில் வைத்தாலும் போகாது. புளி ஊற்றினால் முறியும் என்று சொல்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். உண்மையில் புளிப்பில் இந்த விஷம் இன்னும் பத்திரமாக இருக்கும். மஞ்சள், பூண்டு, வெள்ளிக்காசு எதுவும் இதைக் காட்டியும் கொடுக்காது, முறிக்கவும் முறிக்காது. உலக அளவில் ஏற்கப்பட்ட வரம்பு 100 கிராம் சதைக்கு 80 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கு போட்டு அதில் எண்பது பங்கு. அதை ஆய்வுக்கூடத்தில் மட்டுமே அளக்க முடியும்.

இது எங்கோ குளிர்நாட்டுக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். 1981இல் தமிழ்நாட்டிலேயே மட்டி சாப்பிட்டு 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், 3 பேர் இறந்தார்கள். அந்த மட்டி, மெரெட்ரிக்ஸ் காஸ்டா. நம் கழிமுகங்களில் எல்லோரும் எடுக்கும், எல்லோரும் தின்னும் அதே சாதாரண மட்டிதான். 1997 செப்டம்பரில் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில் பாறைச் சிப்பி சாப்பிட்டவர்களில் 7 பேர் இறந்தார்கள், 500 பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். குளச்சல், முட்டம் பக்கம் மூழ்கி எடுக்கும் சிப்பியும் அதே இனம்தான். இந்த எண்களை நான் சொல்வது பயமுறுத்துவதற்காக அல்ல. இவ்வளவு நீளக் கடற்கரையில் இத்தனை பேர் தினமும் சாப்பிட்டும் இப்படிப்பட்ட சம்பவங்கள் அரிதாகத்தான் பதிவாகியிருக்கின்றன. ஆனால் நடந்தபோது, சாப்பிட்டவர்கள் யாருக்கும் தட்டில் இருந்ததைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி இல்லை. அதை மட்டும் மனதில் வையுங்கள்.

கடல் நிறம் மாறியிருந்தால் எடுக்கக்கூடாது, தெளிவாக இருந்தால் எடுக்கலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. இதில் பாதி சரி. நிறம் மாறிய தண்ணீரில் எதையும் எடுக்காதீர்கள் என்பது சரியான புத்திமதி. ஆனால் நிறத்துக்கும் விஷத்துக்கும் நேரடிக் கணக்கு இல்லை. 2019 ஆகஸ்டில் திருவான்மியூர் கடற்கரையில் இரவு அலை நீலமாக ஒளிர்ந்ததைப் பலர் படம் எடுத்தது நினைவிருக்கலாம். அடுத்த மாதம் மன்னார் வளைகுடாவில் கடல் பச்சையாக மாறி மீன்கள் செத்து ஒதுங்கின. இரண்டுக்கும் காரணம் நாக்டிலூகா என்ற ஒரே நுண்ணுயிர். அது சாக்ஸிடாக்ஸினை உண்டாக்குவதில்லை; பெருகிச் செத்து அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜனைக் குறைத்து மீன்களைக் கொல்கிறது. இதற்கு நேர்மாறாக, விஷப் பாசி கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கும்போதும் மட்டி அதை நாள் கணக்கில் வடிகட்டிச் சேர்த்துவிடும். பாசி போய்த் தண்ணீர் தெளிந்த பிறகும் மட்டியில் விஷம் தங்கியிருக்கும். பல வகைகளில் சில வாரங்களில் குறைந்துவிடும். அலாஸ்காவில் பட்டர் கிளாம் என்று ஒரு மட்டி உண்டு, அது இரண்டு வருடம்வரைகூட வைத்திருக்கும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பாசிப் பெருக்கம் பற்றிய தகவல் தருகிறது, அதைப் பார்த்துவிட்டுப் போவது நல்லதுதான். ஆனால் செயற்கைக்கோளுக்குத் தெரிவது கடலின் நிறம், மட்டிக்குள் இருக்கும் விஷம் அல்ல. கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு வருடமும் மே 1 முதல் அக்டோபர் 31 வரை பொழுதுபோக்காகப் பாறைச் சிப்பி எடுத்துத் தின்பதற்கே தடை போட்டுவிடுகிறார்கள். அவ்வளவு பரிசோதனை வசதி உள்ள இடத்திலேயே அப்படி.

உலோகமும் எண்ணெயும் இன்னொரு தொல்லை. இவையும் அடுப்பில் போகாதவை. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் கழிவும் கன உலோகங்களும் கலப்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அங்கே எண்ணெயும் பரவியது. அந்த மாதிரி இடத்து மட்டியை ஒருநாள் சாப்பிட்டால் உடனே எதுவும் தெரியாது. வாரா வாரம் சாப்பிட்டால் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. தொழிற்சாலை, துறைமுகம், படகுத் துறை, நகரத்துச் சாக்கடை விழும் ஆற்றுவாய் எதற்குப் பக்கத்திலும் மட்டி எடுக்காதீர்கள். அடையாறு, கூவம் முகத்துவாரங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. முட்டுக்காட்டைப் பற்றிக் கேட்டீர்கள். சென்னையின் கழிவையும் சுமக்கும் பக்கிங்காம் கால்வாய் அந்தக் கழிமுகத்தோடு சேர்கிறது, சுற்றிலும் ஊர் பெருத்துவிட்டது. நான் அங்கே வீட்டுக்காக எடுக்க மாட்டேன். அங்கே மட்டி எடுத்துப் பிழைப்பவர்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். தண்ணீரைக் கெடுத்தவர்கள் அவர்கள் இல்லை.

அப்படியானால் எங்கே, எப்போது எடுக்கலாம்? என் அனுபவத்தில் இதற்கு நல்ல பதில் தினமும் தண்ணீரில் இறங்குபவர்களிடம் இருக்கிறது. வெள்ளாற்றிலும் கிள்ளை, பிச்சாவரம் பக்கத்திலும் கையால் துழாவி இறாலும் மட்டியும் எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களில் பலர் இருளர். வாயில் பறியை, அதாவது பிடித்ததைப் போடும் கூடையை, கடித்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். ஒரு தை மாதக் காலை, மாதிரி எடுக்கப் போனபோது வழக்கமாக இறங்கும் அக்கா ஒருவர் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். "ஏன்க்கா இன்னைக்கு இறங்கலையா?" என்றேன். "மேல தண்ணி தொறந்து விட்டுருக்காங்க தம்பி. உப்பு செத்துப் போச்சு. மட்டி வாயத் தொறந்துகிட்டு கெடக்கு பாரு" என்றார். நான் உப்பு அளக்கும் கருவியைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்பே முடிவு வந்துவிட்டது. கழிமுக மட்டி உப்பு ஓரளவு ஏறி இறங்குவதைத் தாங்கும். வெள்ளம் வந்து நாள் கணக்கில் நன்னீராகவே நின்றால் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போகும். சாகாமல் இருப்பதும் அந்த வெள்ளம் கொண்டுவந்த ஊர்க் கழிவைத்தான் வடிகட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே வடகிழக்குப் பருவமழை அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் எடுக்காதீர்கள். மற்ற மாதங்களிலும் பலத்த மழை பெய்தால் ஒரு வாரம் பத்து நாளாவது விடுங்கள். ஆற்றுவாயை மணல் அடைத்துத் தண்ணீர் தேங்கி நின்றாலும் வேண்டாம். ஊரில் மட்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் ஒருவரைக் கண்டுபிடித்து, "நீங்கள் இந்த வாரம் இதைச் சாப்பிட்டீர்களா?" என்று கேளுங்கள். "எடுக்கலாமா?" என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் உண்மை வரும். இதுவும் பாசி விஷத்துக்கு முழு உத்தரவாதம் இல்லை என்பதை நான் மறைக்க முடியாது. 1981இல் பாதிக்கப்பட்டவர்கள் இறக்குமதி உணவு சாப்பிட்டவர்கள் இல்லை, உள்ளூர் மட்டி சாப்பிட்டவர்கள்தான். ஆனால் அந்த இடத்தில் அந்த வாரம் யாருக்காவது உதடு மரத்துப்போயிருந்தால் ஊருக்குத் தெரிந்திருக்கும். நமக்குக் கிடைக்கக்கூடிய எச்சரிக்கைகளில் அதைவிட நம்பகமானது இல்லை.

உங்கள் பிள்ளைகள் எடுத்தது, நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால், டோனாக்ஸ் வகையாக இருக்கலாம். விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது, ஒரு பக்கம் வெட்டிய ஆப்பு மாதிரி இருக்கும், அலை இழுக்கும்போது வெளியே வந்து அடுத்த அலைக்குள் மணலில் புதைந்துவிடும். கழிமுகத்தில் பெரியவர்கள் எடுத்தது மெரெட்ரிக்ஸ். தடித்த ஓடு, வழவழப்பான பழுப்பு மஞ்சள் தோல், ஒரு பெரிய புளியங்கொட்டையைவிட மூன்று மடங்கு இருக்கும். படம் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இரண்டுமே தின்னக்கூடியவைதான். ஓட்டில் ஆழமான வரிகளும் உள்ளே சிவந்த சதையும் இருந்தால் அது இரத்த மட்டி. அதன் உடலில் நம் இரத்தத்தில் உள்ளதைப் போலவே ஹீமோகுளோபின் இருப்பதால் அந்த நிறம், கெட்டுப்போனதன் அறிகுறி இல்லை. சேற்றில் வாழ்வது என்பதால் அதை இன்னும் கவனமாக வேகவைக்க வேண்டும்.

எடுப்பதற்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் வற்றும் நேரம் நல்லது. நம் கிழக்குக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிதல்ல, சென்னைப் பக்கம் அந்த நாட்களில்கூட ஒரு மீட்டர் அளவுதான். இருந்தாலும் வழக்கமாக மூழ்கிக் கிடக்கும் மணல் திட்டு ஒன்றிரண்டு மணி நேரம் வெளியே தெரியும். ஈர மணலில் அடுத்தடுத்து இரண்டு ஊசித் துளைகள் தெரிந்தால் அதற்கு அடியில் மட்டி இருக்கும். கையால் தோண்டினாலே போதும், மண்வெட்டி வேண்டாம், அது குஞ்சுகளையும் சேர்த்து நசுக்கிவிடும். கழிமுக மட்டியில் இரண்டு விரல் அகலத்துக்குக் குறைவானதை நான் எடுப்பதில்லை. கேரளாவின் அஷ்டமுடிக் காயலில் மட்டி இனப்பெருக்கம் செய்யும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பதை நிறுத்திவைக்கிறார்கள், சின்னதை விட்டுவிடுகிறார்கள். அந்தக் கட்டுப்பாட்டின் பலனாக 2014இல் அந்தத் தொழிலுக்கு, கடல்வளத்தை அழிக்காமல் எடுப்பவர்களுக்குத் தரும் எம்எஸ்சி என்ற உலகச் சான்றிதழ் கிடைத்தது, இந்தியாவில் முதல் முறையாக. நமக்கு யாரும் சொல்லாவிட்டாலும் நாமே அப்படி நடந்துகொள்ளலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அங்கே எதையும் எடுக்கக்கூடாது. ராட்சத மட்டி வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, வெறும் ஓடு கிடந்தால்கூடக் கொண்டுவராதீர்கள்.

தண்ணீரில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலுக்குள் திருக்கை படுத்திருந்தால் அந்த அதிர்வுக்கு விலகிப் போகும், மிதித்தால் வால் முள்ளால் குத்தும். ஆற்றுவாயில் நீர் திரும்பும் நேரத்தில் இழுவை திடீரென்று பலமாகும், பிள்ளைகளை அங்கே இறக்க வேண்டாம். கூம்பு வடிவில் அழகான சங்கு எதுவும் உயிரோடு கிடைத்தால் கையில் எடுக்காதீர்கள், கொட்டும் வகை அதில் உண்டு. காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்காதீர்கள். முன்பு சொன்ன விப்ரியோ காயம் வழியாகவும் நுழையும்.

எடுத்ததை ஈரச் சாக்கில் போட்டு நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். செத்த மட்டி சில மணி நேரத்திலேயே கெட ஆரம்பிக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள், இதில் சோம்பல் கூடாது. ஓடு திறந்திருந்தால் தரையில் லேசாகத் தட்டுங்கள், மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது, அப்படியே கிடந்தால் எறியுங்கள். மூடியிருப்பதையும் சும்மா நம்ப வேண்டாம். மேல் ஓட்டைக் கட்டைவிரலாலும் கீழ் ஓட்டை ஆள்காட்டி விரலாலும் பிடித்து, பணத்தை எண்ணும்போது நோட்டைத் தேய்ப்பது போல எதிரெதிராகத் தள்ளுங்கள். உயிருள்ள மட்டி கல் மாதிரி அசையாது. செத்தது வழுக்கி நகரும். சில நேரம் உள்ளே சதையே இல்லாமல் சேறு மட்டும் அடைத்த ஓடு ஒன்று வந்துவிடும், இந்தத் தேய்ப்பில் அதுவும் அகப்பட்டுவிடும். அதை விட்டுவிட்டால் ஒன்றே ஒன்று வெடித்து மொத்தச் சட்டிக் குழம்பையும் சேறாக்கிவிடும். எங்கள் விடுதிச் சமையலில் அப்படி ஒரு சட்டியை முழுதாகக் கொட்டியிருக்கிறோம்.

அப்புறம் மணல். எடுத்த இடத்திலிருந்தே தெளிந்த தண்ணீரை ஒரு கேனில் கொண்டுவாருங்கள். அகலப் பாத்திரத்தில் ஓட்டைத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து, மட்டியை அதன் மேல் ஒரே அடுக்காகப் பரப்பி, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி இருட்டான இடத்தில் வையுங்கள். துப்பிய மணல் கீழே போய்விடும், மறுபடி உறிஞ்சாது. மூன்று நான்கு மணி நேரம் போதும், நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் போட்டால் ஓட்டை இறுக்கி மூடிக்கொள்ளும், ஒரு துளி மணல்கூட வராது. கடல் தண்ணீர் இல்லையென்றால் லிட்டருக்கு 30 கிராம் கல்லுப்பு கரைத்து, குளோரின் இல்லாத தண்ணீரில் செய்யலாம். கழிமுக மட்டிக்கு உப்பைக் கொஞ்சம் குறையுங்கள். இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். இப்படி ஊறவைத்தால் "விஷமெல்லாம் கக்கிவிடும்" என்று பலர் சொல்கிறார்கள். மணல்தான் போகும். புறஊதா விளக்கு வைத்த சுத்திகரிப்புத் தொட்டிகளில் இரண்டு நாள்போல ஓடும் நீரில் வைத்தால் பாக்டீரியா நன்றாகக் குறையும், வைரஸ் அந்த அளவுக்குக் குறையாது. பாசி விஷத்தையும் உலோகத்தையும் வாளித் தண்ணீர் எதுவும் செய்யாது.

வேகவைக்கும்போது தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் கொதி அடங்கிவிடும், மேலே இருப்பது வேகாது. ஓடு திறந்ததும் வெந்துவிட்டது என்று இறக்கிவிடாதீர்கள். திறந்த பிறகு இன்னும் 3 முதல் 5 நிமிடம் கொதிக்க வேண்டும். திறக்காதவை எல்லாமே கெட்டவை என்று சொல்ல முடியாது, ஓட்டை மூடும் தசை இறுகிப்போன நல்ல மட்டியும் திறக்காமல் இருக்கும். ஆனால் கரையில் நாமே எடுத்ததில் அந்தச் சந்தேகத்தைச் சோதிக்க வேண்டியதில்லை, எறிந்துவிடுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், உண்மையான ருசி அதில்தான் இருக்கிறது. மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டி, அடியில் தங்கும் கடைசி இரண்டு விரல் அளவை விட்டுவிட்டு, அதையே குழம்புக்கு ஊற்றுங்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போட வேண்டும், மட்டியிலேயே உப்பு இருக்கிறது. எனக்குப் பிடித்தது பொரியல்தான். சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பூண்டு வதக்கி, ஓட்டிலிருந்து உருவிய சதையைப் போட்டு, இடித்த மிளகும் துருவிய தேங்காயும் தூவி இரண்டு புரட்டு. அதற்கு மேல் அடுப்பில் வைத்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

கல்லீரல் நோய் உள்ளவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், புற்றுநோய் போன்றவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் கரையில் எடுத்த மட்டியைத் தவிர்ப்பது நல்லது. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சாப்பிட்ட அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உதடு, நாக்கு, விரல் நுனி ஊசி குத்துவது போலவோ மரத்துப்போவது போலவோ இருந்தால், பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், மோர் குடித்துப் பார்க்கிறேன், தூங்கினால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள் அல்லது செயற்கைச் சுவாச வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது. மூச்சுத் தசை செயலிழக்கும் அந்தச் சில மணி நேரத்துக்குக் கருவி மூச்சுவிட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடலாம், முதல் நாளைத் தாண்டிவிட்டால் நம்பிக்கை அதிகம். வாசலிலேயே "மட்டி சாப்பிட்டோம்" என்று சொல்லுங்கள், மீதி இருந்தால் ஒரு டப்பாவில் கொண்டுபோங்கள், கூடச் சாப்பிட்டவர்கள் எல்லோரையும் அழைத்துப் போங்கள்.

அடுத்த மாதப் பயணத்துக்கு வருகிறேன். கோவளத்து அலைக்கரை மட்டியை, மழை இல்லாத வாரமாக இருந்து, பக்கத்தில் சாக்கடை வாய்க்கால் எதுவும் கடலில் விழாமல், உள்ளூரில் சாப்பிடுபவர் ஒருவர் சரி என்று சொன்னால், பெரியவர்கள் ஒரு வேளைக்குக் கொஞ்சமாகச் சாப்பிடுவதை நான் தடுக்க மாட்டேன். பிள்ளைகளுக்கு நான் கொடுக்க மாட்டேன். முட்டுக்காட்டு மட்டியை யாருக்கும் கொடுக்க மாட்டேன். இவற்றில் ஒன்று சந்தேகமாக இருந்தாலும், இந்த முறை செய்த மாதிரியே கொட்டிவிடுங்கள், ஆனால் காய்ந்த மணலில் வேண்டாம். அலை நக்கும் ஈர மணலில் பரப்புங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் குந்த வையுங்கள். ஓட்டின் ஒரு ஓரத்தில் நாக்கு மாதிரி வெள்ளையாக ஒரு பாதம் நீளும், மணலைத் துழாவும், ஓடு செங்குத்தாக எழுந்து நிற்கும், அடுத்த அலை வடிவதற்குள் இடம் தெரியாமல் போய்விடும்.